கிரிக்கெட் சங்க உபகரண அறைத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்குச் செயற்குழுவின் அறிக்கை

அன்புடைய அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றித் தந்த தீர்மானப்படி தொடங்கிய வேலை முடிந்துவிட்டது. பயிற்சி வலை புதிதாகக் கட்டியாயிற்று. கொன்கிறீற் ஆடுகளத்துக்குப் புதுப் பாய் விரித்தாயிற்று. உபகரண அறையின் கூரைத் தகடு மாற்றி, காற்றுப்போக்கி வைத்து, சுவரில் மரத்தட்டு அடித்தாயிற்று. இவற்றில் யாரும் குறை சொல்லவில்லை. குறை எல்லாம் ஹெல்மட் விஷயத்தில்தான். ஒதுக்கிய தொகையைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏன் கூடியது, வேலை ஏன் நான்கு மாதம் பிந்தியது, வந்த சாமானை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை கேட்கிறார்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறோம்.

நாங்கள் கேட்டது 18 ஹெல்மட். 7 பெரியவர்களுக்கு; 11 பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. மூன்று விலைமனுக்களில் மிகக் குறைந்ததை எடுத்தோம். பெட்டியைப் பிரித்து உள்ளே ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் பிஎஸ் 7928:2013 என்ற, கிரிக்கெட் ஹெல்மட்டுக்கான பிரித்தானியத் தர எண் இருந்தது. ஆனால் அந்தத் தரத்தில் முகக்கம்பி, அதாவது முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பிக்கூடு, எந்தப் பந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதும் முக்கியம். பிள்ளைகளுக்கென்று வந்த 11இலும் பெரியவர்கள் ஆடும் பந்துக்கான குறிப்பு மட்டுமே இருந்தது.

இதைச் சின்ன விஷயம் என்று சொன்னவர்களுக்கு ஒரு கணக்கு. ஆண்கள் ஆடும் பந்து 155.9 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்ரிமீற்றர். 13 வயதுக்குட்பட்டோர் பந்து 133 முதல் 144 கிராம், சுற்றளவு 20.5 முதல் 22 சென்ரிமீற்றர். விட்டத்தில் பார்த்தால் பெரியது ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். சின்னது ஆறரை வரை இறங்கும். பெரிய பந்தை நிறுத்துகிற இடைவெளி சின்னப் பந்துக்கு வழி விட்டுவிடும். பாரம் குறைந்த பந்துதானே என்று பிள்ளைகளின் ஹெல்மட்டை இலேசாக எண்ணக் கூடாது.

செயற்குழு முன்னிலையில் ஒரு ஹெல்மட்டை மேசையில் வைத்து, பிள்ளைகள் ஆடும் பந்தை முன்விளிம்புக்கும் மேல் கம்பிக்கும் நடுவே வைத்துப் பெருவிரலால் தள்ளினோம். பந்தின் தையல் கம்பியில் உரசி ஒரு கணம் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் பந்து உள்ளே விழுந்து உருண்டது. அங்கேதான் பிள்ளையின் கண்ணும் மூக்கும் இருக்கும். வேகமாக வரும் பந்து தானும் நசுங்கும், கம்பியையும் வளைக்கும். அதனால் கையால் தள்ளிப் பார்க்கும் சோதனையை வைத்து ஒரு ஹெல்மட்டைக் கழிக்கலாமே தவிர ஏற்க முடியாது.

வழங்குநர் முதலில் சொன்ன பதில், எங்கள் கட்டளைப் படிவத்தில் "ஜூனியர் சைஸ்" என்றுதான் இருந்தது, பந்தைப் பற்றி எதுவும் இல்லை என்பது. அது உண்மை. தலையின் அளவை எழுதினோம், பந்தை எழுதவில்லை. அந்தப் பிழை எங்களுடையது. அடுத்து, திருகாணியைத் தளர்த்திக் கம்பியை மேலே ஏற்றித் தருவதாகச் சொன்னார். அதற்குத் துளையைப் பெருப்பிக்க வேண்டும்; துளை பெருத்த ஹெல்மட் ஓடு அடி விழும்போது அந்த இடத்திலேயே வெடிக்கும். கடைசியாக, வேறொரு கம்பனியின் நெருக்கமான கம்பியைப் பூட்டித் தருகிறேன் என்றார். இதற்குத்தான் நம்மிலேயே சிலர் தலையாட்டினார்கள். ஓடும் கம்பியும் சேர்த்தே சோதிக்கப்படுகின்றன. ஒன்றின் ஓட்டில் இன்னொன்றின் கம்பியைப் பூட்டினால் சீட்டில் உள்ள தர எண்ணுக்குப் பொருளே இல்லை. நாங்கள் சம்மதிக்கவில்லை. மூன்று கடிதம், இரண்டு நேரடிப் பேச்சு, ஒரு சத்தம் போட்ட தொலைபேசி உரையாடல். முடிவில் 11ஐயும் எடுத்துக்கொண்டு, அவற்றின் விலையில் கால்பங்கைக் கழித்து மீதியைத் தந்தார். அந்தக் கால்பங்கும், வேறிடத்தில் சரியான சீட்டோடு வாங்கிய 11இன் கூடிய விலையும்தான் நீங்கள் கேட்கும் மேலதிகச் செலவு. பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் உள்ளன. இதே நிலை மீண்டும் வந்தாலும் இதைத்தான் செய்வோம்.

கழுத்துக்காப்பு தீர்மானத்தில் இல்லையே என்றும் கேட்டார்கள். 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் அவுஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் பிலிப் ஹியூஸ் ஹெல்மட் போட்டுக்கொண்டுதான் ஆடினார். பந்து பட்டது ஓட்டுக்கும் கம்பிக்கும் கீழே, கழுத்தில். இரண்டு நாளில் உயிர் போனது. அந்த இடத்தை மறைப்பது பின்னால் கொளுவும் கழுத்துக்காப்பு ஒன்றே. 18இற்கும் அந்தந்த மாதிரிக்கு உரியதையே வாங்கினோம். அதற்குச் சங்கப் பணத்தில் ஒரு சதமும் போகவில்லை.

கொடுத்தவர்கள் பெயர் அறைப் பலகையில் இருக்கிறது. கொடையை இங்கே சொல்கிறோம். கழுத்துக்காப்பு முழுவதும் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் முன்னாள் வீரர்கள். கால்காப்பு 8 சோடி, செட்டியார் தெரு நகை வியாபாரி ஒருவர். விக்கெட்காப்பாளர் கையுறை 2 சோடியும் உள்ளுறைகளும், பம்பலப்பிட்டி வைத்தியர் ஐயா. தொடைக்காப்பு 9, அவற்றில் 3 இடக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு, புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் இருவர். வலக்கைக்காரரின் தொடைக்காப்பை இடக்கைக்காரர் கட்டினால் தடித்த பக்கம் பந்து வராத காலில் போய்விடும் என்பதை அவர்களே கேட்டறிந்து வாங்கித் தந்தார்கள். மரத்தட்டுக்குப் பலகை, கொட்டாஞ்சேனை மரக்காலைக்காரர். இடுப்புக்காப்பு ஆளுக்கு ஒன்று வீதம், பெற்றோர்கள் தாங்களே. எல்லோருக்கும் நன்றி.

துடுப்பு மட்டைகள் 6. வந்த கையோடு விளையாடக் கொடுக்கவில்லை என்று பிள்ளைகளுக்குக் கோபம். வெறும் மரமாக வந்தவற்றுக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகப் பூசி, கிடையாக வைத்து உலரவிட்டு, மரச்சுத்தியலால் முகத்திலும் ஓரங்களிலும் ஆறு மணித்தியாலம் வரை தட்டிய பிறகே கொடுத்தோம். கைப்பிடி சேரும் ஆப்பில் எண்ணெய் படக்கூடாது, பசை விட்டுப்போகும்.

இனி அங்கத்தவர்கள் காக்க வேண்டியவை சில. மட்டையைச் சீமெந்துத் தரையில் நிறுத்த வேண்டாம். மே மாதத்து மழையில் அடிமுனை ஈரம் குடித்து வீங்கிப் பிளக்கும். சுவரில் மரத்தட்டு அடித்ததே அதற்குத்தான். வியர்த்த காப்புகளைப் பையில் பூட்டி வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஹெல்மட்டில் சங்கச் சின்னம் வரையச் சொல்லி வந்த கோரிக்கையை ஏற்கவில்லை. பெயின்ற்றும் தின்னரும் ஓட்டின் பிளாஸ்திக்கை அரிக்கும். பலத்த அடி வாங்கிய ஹெல்மட்டை, வெடிப்புத் தெரியாவிட்டாலும், தனியே வைத்துச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

பழைய 9 ஹெல்மட்டும் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். அவற்றை விற்கவும் இல்லை, யாருக்கும் இலவசமாகக் கொடுக்கவும் இல்லை. நாடியின் கீழ் கட்டும் வாரை அறுத்து, ஓடுகளை வாளால் இரண்டாகப் பிளந்து, இருவர் கையெழுத்திட்டு, குப்பை லொறியில் ஏற்றினோம்.

செயற்குழுவினர்
கொழும்பு