அல்பேனியாவுக்கு ஊழியர்களை அனுப்பும் மிஷன் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

அல்பேனியாவுக்காக நீங்கள் அனுப்பும் ஜெபக் குறிப்புகளில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முஸ்லிம்கள் அதிகமுள்ள நாடு, கம்யூனிஸ்டுகள் ஆண்ட நாடு, சுவிசேஷம் எட்டாத நாடு. முதல் இரண்டும் சரி. மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே நடக்கும் ஊழியத்தில் என்னை வருத்தும் பல காரியங்கள் இந்த எண்ணத்திலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன்.

எருசலேம் துவக்கி இல்லிரிக்கம் வரைக்கும் சுவிசேஷத்தை அறிவித்ததாகப் பவுல் ரோமருக்கு எழுதினார். பண்டைய இல்லிரிய நிலத்தின் ஒரு பகுதிதான் இன்றைய அல்பேனியா. அவ்வளவு பழைய காலத்துக்குப் போகவும் வேண்டாம். 1891-இல் கோர்ச்சா நகரில் அல்பேனிய மொழியில் கற்பிக்கும் பெண்கள் பள்ளி ஒன்று தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் கெராசிம் கிரியாஸி என்ற சுவிசேஷ ஊழியரும் அவர் தங்கை செவஸ்தியும். அல்பேனிய மொழியில் படிப்பதையே அப்போது அந்த நாட்டை ஆண்ட ஒட்டோமான் (துருக்கிய) அரசு சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. இந்தக் குடும்பத்தின் பெயரைக்கூட அறியாமல் அங்கே போய் இறங்கும் குழுக்கள் இருக்கின்றன.

அப்புறம் 1967. கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் அரசு மத வழிபாடு முழுவதையும் தடை செய்தது. 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், மடங்கள் மூடப்பட்டன. பல இடிக்கப்பட்டன. ஷ்கோதர் நகரின் கத்தோலிக்கப் பேராலயம் விளையாட்டு அரங்கமானது. 1975-இல் மதச் சாயல் கொண்ட பெயர்களையே மாற்றச் சொல்லி ஆணை வந்தது. அடுத்த ஆண்டு அரசியலமைப்பிலேயே நாத்திகத்தை எழுதி வைத்தார்கள். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காக ஷ்ட்யெஃபன் குர்த்தி என்ற முதிய குருவானவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1963 கிறிஸ்துமஸ் இரவில் கைதான எர்னஸ்ட் சிமோனி என்ற குருவானவர் சுரங்கத்திலும் பிறகு சாக்கடையிலும் வேலை செய்தார். 2016-இல் அவர் கர்தினால் ஆனார். அல்பேனிய இனத்தவரான அன்னை தெரசாவின் தாயும் அக்காளும் தலைநகர் டிரானாவில் இறந்தார்கள். கல்கத்தாவிலிருந்த மகளுக்கு அவர்களைப் பார்க்கக் கடைசிவரை அனுமதி கிடைக்கவில்லை.

இமாம்களும், பெக்தாஷி என்ற சூஃபி பிரிவின் தலைவர்களான பாபாக்களும் அதே சிறைகளில் அடைபட்டார்கள். 1990 நவம்பர் 4 அன்று ஷ்கோதர் கல்லறைத் தோட்டத்தில் சிமோன் யுபானி என்ற குருவானவர் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றினார். அங்கே கூடிய கூட்டத்தில் முஸ்லிம்களும் இருந்தார்கள். சில நாட்களில் அதே ஊரின் ஈயப் பள்ளிவாசல் திறந்தபோது தொழுகை நடத்திய ஹாஃபிஸ் சப்ரி கோச்சியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர். இப்படி ஒரே கொடுமையைச் சேர்ந்து தாங்கியவர்களிடம் போய், பக்கத்து வீட்டு முஸ்லிமை எதிரியாகக் காட்டும் பிரசங்கத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு மதம் இருப்பது அங்கே சாதாரணம். கலப்புத் திருமணமும் அப்படித்தான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனி சொல்லப்போவதுதான். எதை நம்ப வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்ட நாடு அது. கைதட்டச் சொன்னால் கைதட்டி, உள்ளே வேறொன்றை நினைத்துப் பிழைத்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று உங்கள் கூட்டங்களுக்கு வருகிறார்கள். அந்த மண்ணில் உணவுப் பொட்டலத்தையும் இலவச ஆங்கில வகுப்பையும் மருத்துவ முகாமையும் வைத்துவிட்டு, முடிவில் 'இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்' என்றால் எல்லோரும் உயர்த்துவார்கள். மரியாதைக்காக உயர்த்துவார்கள், பழக்கத்தால் உயர்த்துவார்கள். அதை எண்ணி அறிக்கையில் போடுவது அந்த மக்களுக்கும் நல்லதல்ல, ஆண்டவருக்கும் மகிமையல்ல. உதவி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் ஒருவருக்கும் அதே பொட்டலம், அதே மரியாதை அடுத்த வாரமும் கிடைக்க வேண்டும். வேண்டாம் என்று பயமில்லாமல் சொல்ல முடிகிறவரின் ஆமென்னைத்தான் நாம் நம்பலாம்.

இது முடியாத காரியம் அல்ல. 1991-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை எழுப்ப வந்த அனஸ்தாசியோஸ் ஒரு கிரேக்கர். அந்நியர் என்று அவரை எதிர்த்தவர்கள் நிறையப் பேர். இஸ்லாத்தை ஆழ்ந்து படித்த அறிஞர் அவர். உள்ளூர் இளைஞர்களைக் குருக்களாகப் பயிற்றுவிக்க துரஸ் நகருக்கு அருகே இறையியல் பள்ளி தொடங்கினார். 1999-இல் போர் நடந்த பக்கத்து கொசோவோவிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் வந்தார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். அவருடைய சபை அவர்களைப் பராமரித்தது. 2025 ஜனவரியில் இறக்கும்வரை அந்தச் சபையின் பேராயராக இருந்தார். நம்முடைய சபைப் பிரிவு வேறு என்பதால் இவரிடம் கற்கக் கூடாதா?

இரண்டு வாரப் பயணத்தில் இப்படி எதுவும் நடக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 2011-இல் சுமார் 28 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2023-இல் 24 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. இளைஞர்கள் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். ஆங்கிலம் பேசும் வாலிபர்களை மட்டுமே சுற்றிக் கட்டிய சபை, அவர்கள் விமானம் ஏறும் நாளில் காலியாகிவிடும். இருக்கப் போகிறவர்கள் அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும். அவர்களோடு பேச அல்பேனிய மொழி வேண்டும், வருடங்கள் வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. வரும் ஆண்டறிக்கையில் 'ஒப்புக்கொடுத்தவர்கள்' என்ற எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், உங்கள் ஊழியர்களில் எத்தனை பேர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசுகிறார்கள், எத்தனை சபைகளின் பொறுப்பும் பணக் கணக்கும் அல்பேனியர் கையில் இருக்கின்றன என்று போடுங்கள். காணிக்கை கொடுக்கிற நாங்கள் அதைப் படித்துத்தான் கொடுப்போம்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஊழியத்துக்காக ஜெபிக்கும் ஒரு விசுவாசி