செங்கல் சூளைக் குழந்தைகளின் பெயர் தை மாதத்திலேயே பதிவாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காய்ந்ததும், செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரங்களிலுள்ள செங்கல் சேம்பர்களில், அதாவது சூளைகளில், வேலை சூடு பிடித்துவிடும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, காலாஹண்டி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்களுடன் குழந்தைகளும் வருகிறார்கள். ஜூன் மாத வாக்கில் மழைக்கு முன் ஊர் திரும்பும் வரை, அக்குழந்தைகளில் மிகப் பலர் இங்குள்ள எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

மேற்கு ஒடிசாவில் புத்தரிசிப் பண்டிகையான நுவாக்காய் முடிந்ததும் தரகர்கள் ஊர்களுக்கு வந்து குடும்பத்தின் மொத்த உழைப்பையும் கணக்கிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையிலிருந்தே கான்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் சேரத் தொடங்கும். நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடியும் நேரத்தில் அவர்கள் இங்கு வந்து சேர்கிறார்கள். ஆண்டிறுதித் தேர்வு நடக்கும்போது சூளையில் வேலை உச்சத்தில் இருக்கும். அவர்கள் ஊர் திரும்பும் வேளையில் இங்கே புதிய கல்வியாண்டு பிறக்கிறது. ஊர்ப் பள்ளியில் அக்குழந்தையின் பெயர் நீக்கப்படாமல் இருக்கும், ஆனால் குழந்தை அங்கு இல்லை. இங்கே குழந்தை இருக்கிறது, ஆனால் பெயர் இல்லை. இரு மாநிலங்களின் புள்ளிவிவரங்களிலும் குறை எதுவும் தெரியாது என்பதே இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி.

பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமான பேச்சன்று. கல் அறுப்புக்கு, அதாவது மண்ணை அச்சில் வார்த்துச் செங்கல் செய்வதற்கு, கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. வாங்கிய முன்பணம் கழிய வேண்டுமானால் கல்லின் எண்ணிக்கை கூட வேண்டும். எண்ணிக்கை கூட வேண்டுமானால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கையும் தேவைப்படுகிறது. வெயில் ஏறுவதற்குள் முடிந்த அளவு அறுத்துவிட வேண்டும் என்பதால் நள்ளிரவு கடந்ததுமே தாயும் தகப்பனும் களத்தில் இறங்கிவிடுகிறார்கள். விடியும்போது ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் குத்துக்காலிட்டு அமர்ந்து, முந்தின நாள் அறுத்த, இன்னும் சுடப்படாத பச்சைக்கல்லை விளிம்பு உடையாமல் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அவர்களைவிடச் சற்றே பெரிய பெண் குழந்தை, தார்ப்பாய்க் கொட்டகையில் சேலைத் தூளியை ஆட்டியபடி தம்பியையோ தங்கையையோ பார்த்துக்கொள்ளும். அந்தச் சிறுமி பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அந்தத் தூளியில் உள்ள குழந்தைக்கு அங்கன்வாடியில் இடம் வேண்டும். இதை அதிகாரிகளிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பள்ளிக் கல்வித் துறையும் அங்கன்வாடிகளை நடத்தும் சமூக நலத் துறையும் தனித்தனியாகச் சூளைக்கு வந்து போவதால் பயன் மிகக் குறைவு.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் குழந்தைகள் உதவலாம் என்று இடம் கொடுத்திருப்பதைச் சூளை உரிமையாளர்கள் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். சூளை அந்தக் குடும்பத்தின் சொத்தன்று. பெற்றோர் அங்கு கூலியாட்கள். எனவே இந்த விலக்கை அங்கே பொருத்திப் பேசுவது முற்றிலும் தவறு.

புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்யும் கடமையை உள்ளாட்சி அமைப்பின் மீதே வைக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது 5ஆவது பிரிவு. வயதுச் சான்று இல்லை என்பதையோ, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதையோ காரணம் காட்டக் கூடாது என்று 14, 15ஆவது பிரிவுகள் தெளிவுபடுத்துகின்றன. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆவது பிரிவு. இவ்வளவு இருந்தும், தை மாதத்தில் ஒரு குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துவரும் தந்தையிடம் "ஜூன் மாதம் வாங்க" என்று சொல்லி அனுப்பும் பள்ளிகள் இன்றும் உண்டு. ஜூன் மாதம் அவர் இங்கு இருக்க மாட்டார் என்பது சொல்பவருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இடம்பெயரும் குடும்பங்களின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து சூளை வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் செல்வோரின் பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கல் இல்லை. ஆனால் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் சிக்கல் உண்டு. பழைய பள்ளி அந்த மாணவரை எமிஸ் தளத்தின் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடுமோ என்ற அச்சத்தில் பழைய பள்ளி தாமதிக்கிறது. அந்த அச்சத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. பருவகால இடப்பெயர்வு என்று தனியாகக் குறித்து, குழந்தை திரும்பி வரும் வரை அவ்விடத்தை அப்பள்ளியின் கணக்கிலேயே வைத்திருக்க வழி செய்தால் இத்தயக்கம் பெருமளவு நீங்கும். பிற மாநிலக் குழந்தைகளுக்கு, ஒன்றிய அரசின் பள்ளித் தகவல் தளமான யு-டைஸ் பிளஸ் வழங்கும் நிரந்தரக் கல்வி எண்ணை இதே நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம்; இங்கு வந்த நாள்களின் வருகையும் கற்றல் நிலையும் அந்த எண்ணோடு ஊர்ப் பள்ளிக்குச் சென்று சேர வேண்டும்.

மொழி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலாங்கீரில் இரண்டாம் வகுப்பு படித்த குழந்தை ஒடியா எழுத்திலும் ஒடியா எண் வடிவங்களிலும் பழகியது. அதைத் தமிழ் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைத்து ஐந்து மாதம் கழித்து அனுப்பினால், தமிழும் வராது, கற்றிருந்த ஒடியாவும் மறந்துபோகும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்தில் ஒடிசாவிலிருந்து பாடநூல்களைத் தருவித்து, ஒடியா தெரிந்த ஆசிரியர்களைக் கொண்டு சூளைக் குழந்தைகளுக்கு வகுப்புகள் நடத்தப்பட்டன. தங்கள் புத்தகத்தை இங்கே கண்டதும் அக்குழந்தைகள் உரக்க வாசித்ததைக் கேட்டவர்கள், இவர்களால் படிக்க இயலாது என்று ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். அம்முயற்சி ஓர் ஆட்சியரின் ஆர்வத்தையோ ஒரு தொண்டு நிறுவனத்தின் நிதியையோ நம்பி இராமல், ஒவ்வோர் ஆண்டும் தவறாது நடக்கும் அரசுப் பணியாக வேண்டும். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் தொடங்கிய ரோஷ்னி திட்டத்தில், குழந்தைகளின் தாய்மொழி அறிந்த தன்னார்வலர்கள் பள்ளி தொடங்குமுன் தனி வகுப்பு எடுத்து, காலை உணவும் கொடுத்து, மலையாள வகுப்புக்கு அவர்களைத் தயார் செய்தார்கள். அங்கே குடும்பங்கள் நீண்டகாலம் தங்குவதால் அது பொருந்தியது. ஐந்தாறு மாதத்தில் திரும்பிவிடும் சூளைக் குழந்தைக்கு ஒடியாப் பாடமே முதன்மையாகவும், பேச்சுத் தமிழ் துணையாகவும் இருப்பதே ஏற்றது என்பது என் கருத்து.

ஒடிசா அரசு, பெற்றோர் வெளியூர் செல்லும் மாதங்களில் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகளை நடத்துகிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நல்ல ஏற்பாடு. ஐந்து, ஆறு வயதுக் குழந்தையை அரை ஆண்டு தாயிடமிருந்து பிரித்து வைப்பதை மட்டும் என்னால் தீர்வாக ஏற்க முடியவில்லை. சிறு குழந்தைகள் தாயுடன் வந்துகொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கான ஏற்பாடு சூளைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

நம்மிடம் இருப்பவையும் குறைவல்ல. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் உள்ளன. பெற்றோர் நள்ளிரவிலேயே களத்துக்குப் போய்விடும் வீட்டில், காலைச் சாப்பாடு என்பது பெரும்பாலும் முந்தின இரவின் மிச்சச் சோறுதான். பள்ளியில் பெயர் பதிவான அன்றே அந்தக் குழந்தைக்குச் சூடான காலை உணவும் மதிய உணவும் கிடைத்துவிடும். பெயர் பதிவாகும் வரை இரண்டும் இல்லை.

ஆகவே, பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு கோடை விடுமுறையையொட்டி நடப்பதோடு நின்றுவிடாமல், சூளைகள் இயங்கும் எல்லா ஒன்றியங்களிலும் ஜனவரி மூன்றாம் வாரத்தில் தனியாக ஒருமுறை நடத்தப்பட வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் பயிற்றுநர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகிய மூவரும் ஒரே நாளில் சேர்ந்து செல்லட்டும். சூளையிலிருந்து பள்ளி தொலைவாக இருந்தால் வண்டி ஏற்பாட்டைச் சூளை உரிமையாளரின் பொறுப்பாக்கி, தொழிலாளர் துறை அதைக் கண்காணிக்கட்டும். ஒடியாப் பாடநூல்களுக்கான கோரிக்கை டிசம்பருக்குள் புவனேஸ்வரம் சென்றடைந்தால்தான் பொங்கலுக்குள் அவை குழந்தைகளின் கைக்கு வரும்; அதற்கான கடிதப் போக்குவரத்தை இவ்வாண்டு மழைக்காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
திருவள்ளூர் மாவட்டம்.