குமிழி அடங்கிய பிறகு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் நுண்ணுயிரியல் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் என்னை விடவில்லை. அதனால் உன் கேள்விக்கு ஆசையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

உப்பு பிசறிப் புளிக்க வைத்த முட்டைக்கோஸில் முதலில் வந்த குமிழிகள் அடங்கிவிட்டன, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். அதை மட்டும் வைத்து அப்படி நினைக்காதே. உள்ளே வேலை செய்கிற பாக்டீரியா மாறியிருக்கும். தொடக்கத்தில் பெருகுவது லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்டஸ். அது சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும். அமிலம் ஏற ஏற லியூகோனாஸ்டாக்கால் தாக்குப்பிடிக்க முடியாது. அப்புறம் கை ஓங்குவது லாக்டிபிளான்டிபாசில்லஸ் பிளான்டாரம். 2020 வரை லாக்டோபாசில்லஸ் பேரினத்தில் இருந்ததுதான். இது ஒரு குளுக்கோஸை இரண்டு லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும், வாயு வராது. ஐந்து கார்பன் சர்க்கரை கிடைத்தால் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து உண்டாகும்.

எனக்கு இதில் தீராத வியப்பு, இதன் மாங்கனீசு விஷயம். உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு இரும்பு இல்லாமல் முடியாது. பிளான்டாரம் இரும்பே இல்லாமல் வளரும். ஆக்சிஜனால் உண்டாகும் சூப்பராக்சைடு என்ற நச்சைச் சமாளிக்க மற்ற பல உயிரிகள் அதற்கென ஒரு நொதியை வைத்திருக்கின்றன. இதனிடம் அந்த நொதி கிடையாது. அதற்குப் பதில் மாங்கனீசை உயிரணுவுக்குள் 20 மில்லிமோலார் செறிவுக்கும் மேல் சேர்த்து வைத்துக்கொண்டு, அதை வைத்தே அந்த நச்சை முறிக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஆர்ச்சிபால்ட், ஃப்ரிடோவிச் என்ற ஆய்வாளர்கள் இதை எடுத்துக் காட்டினார்கள். தாவரத் திசுவில் மாங்கனீசுக்குப் பஞ்சமில்லை. இலையிலும் காயிலும் வாழ்வதற்கு எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு, பார்!

ஆலிவ் காயின் கசப்புக்குக் காரணமான ஓலியூரோபீனை உடைக்கவும் இதற்குத் தெரியும். துவர்ப்புக்குக் காரணமான டானினைச் சிதைக்கும் நொதியும் இதன் பல ரகங்களில் உண்டு. தாவரங்கள் தற்காப்புக்காக வைத்திருக்கும் பொருள்களையே இது சமாளித்துவிடுகிறது.

2003-இல் இதன் ஒரு ரகத்தின் மரபணுத்தொகுதியை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். டி.என்.ஏ.வின் எழுத்துகள் போன்ற கார இணைகள் சுமார் 33 லட்சம், ஏறத்தாழ 3000 மரபணுக்கள். பலவிதச் சர்க்கரைகளை உள்ளே இழுக்கும் மரபணுக்கள் அதில் நிறைய. இத்தனைக்கும் அந்த ரகம் மனித உமிழ்நீரிலிருந்து கிடைத்தது. காயிலும் சரி, குடலிலும் சரி, இது பிழைத்துக்கொள்வதற்கு அந்தச் சொத்து உதவுகிறது என்றே நினைக்கிறேன்.

நீ வாங்கிய புரோபயாட்டிக் மாத்திரையிலும் பிளான்டாரம் என்று போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அந்தப் பெயர் மட்டும் போதாது மாலதி. ஒரே இனத்துக்குள் ரகத்துக்கு ரகம் குணம் வேறுபடும். ஒரு ரகத்தில் கண்ட பலனை இன்னொன்றுக்குச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இனப் பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கிறதா என்று அட்டையில் பார். இருந்தால் எழுதி அனுப்பு, அந்த ரகத்தை வைத்து மனிதர்களிடம் என்ன சோதித்திருக்கிறார்கள் என்று தேடிச் சொல்கிறேன்.

அன்புடன்,
சுகந்தி