பேண்ட் 6 கிடைக்காத மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

"என் இங்கிலீஷ்தான் சரியில்லை போலம்மா" என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசு ஆறவில்லை. நீ வேலை பழக்கிவிட்ட வெள்ளைக்காரப் பெண், சீனியர் நர்ஸ் சம்பளப் படியான பேண்ட் 6-க்குப் போய்விட்டாள். நீ இன்னும் 5-லேயே இருக்கிறாய். இதில் இங்கிலீஷ் எங்கே வந்தது?

1948-ல் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் தொடங்கியபோது ஆள் போதவில்லை. கரீபியன் தீவுகளிலிருந்து பெண்களைக் கூப்பிட்டார்கள். மூன்று வருடப் படிப்புக்கு வந்தவர்களில் பலரை, விவரம் சொல்லாமலே இரண்டு வருட 'என்ரோல்டு நர்ஸ்' படிப்பில் தள்ளினார்கள். அதை முடித்தால் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஆக முடியாது. ஊர் திரும்பினாலும் அந்தச் சான்றிதழ் செல்லாது. நிறத்தைச் சொல்லித் திட்டிய நோயாளியைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம். அந்தச் சேர்க்கைப் படிவம் ஆயுளுக்கும் கூட வந்தது.

பாடமும் அப்படித்தான். 'ஆக்சிஜன் குறைந்தால் தோல் நீலமாகும்' என்று நாங்கள் இங்கே படித்ததும் வெள்ளைத் தோலை வைத்து எழுதிய புத்தகத்தில்தான். இமையை விலக்கிப் பார், ஈறைப் பார் என்று வார்டில் மூத்த சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் அளவைக் கூட்டிக் காட்டலாம் என்பதைக் கொரோனா வந்த பிறகுதான் உரக்கப் பேசினார்கள்.

நம் ஊர் மட்டும் யோக்கியமா என்பாய். பேரைக் கேட்டு ஜாதியை மோப்பம் பிடிப்பவர்களோடு டியூட்டி பார்த்தவள்தான் நான். அதனால்தான் எனக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்டர்வியூவில் உனக்குப் போட்ட மார்க்கையும் காரணத்தையும் எழுத்தில் கேள். வேலைக்கு யாரை எடுக்கிறார்கள், யார் மேல் ஒழுங்கு நடவடிக்கை பாய்கிறது என்று இன வாரியாகக் கணக்குக் காட்டும் முறை 2015-லிருந்தே அங்கே இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டின் அறிக்கையைத் தேடிப் படி. நடந்ததைத் தேதி போட்டு உன் சொந்த நோட்டில் எழுது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம். 2023-ல் மிஷெல் காக்ஸ் என்ற கறுப்பின நர்ஸ், என்ஹெச்எஸ் இங்கிலாந்து மேலேயே போட்ட இனப் பாகுபாட்டு வழக்கில் ஜெயித்தார்.

விசா அவர்கள் கையில் இருக்கிறதே என்ற பயம் உனக்கு இருக்கும். அதனால் எந்த மீட்டிங்குக்கும் தனியாகப் போகாதே, யூனியன் ஆளைக் கூட்டிக்கொண்டு போ. புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு, அதையும் அவரிடமே கேள். இன்னும் யூனியனில் சேரவில்லை என்றால் இந்த வாரமே சேர்ந்துவிட்டு எனக்கு மெசேஜ் போடு. நைட் டியூட்டி முடிந்த கையோடு கூப்பிட வேண்டாம், முதலில் தூங்கு.

அம்மா