அந்த ஈசல் இறகு எந்த ஜன்னலில் கிடந்தது?

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. "கரப்பான் ரொம்ப வருதும்மா, ரெண்டு டப்பா ஸ்ப்ரே காலி" என்றாய். அதோடு போகிற போக்கில், "ஜன்னல் ஓரத்துல ஈசல் றெக்கை கிடந்தது, கூட்டித் தள்ளிட்டேன்" என்றாய். கரப்பானை விடு, அந்த இறகுதான் எனக்கு உறுத்துகிறது. போனில் விளக்கினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இங்கே உன் அக்கா குழந்தை தூங்கும்போது எழுதுவது, முன்னே பின்னே இருக்கும்.

எந்த ஜன்னல் என்று முதலில் சொல். ஹாலில் டியூப்லைட் அடியில் என்றால் பயமில்லை. மழை விட்ட ராத்திரியில் வெளியிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற கூட்டம் அது. விளக்கே போடாத, கதவு சாத்திக்கிடக்கிற பின் அறை ஜன்னல் என்றால், அவை வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியிருக்கின்றன. ஈசல் வேறு ஜாதி இல்லை, சிறகு முளைத்த கறையான்தான். பறந்துபோய், இறகை உதிர்த்துவிட்டு, ஜோடி சேர்ந்து புதுக் கூடு கட்டும்.

டார்ச் எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போ. நிலைக்கால் சுவரைத் தொடும் இடம், பரணின் மூலை, அலமாரியின் முதுகு, எல்லாம் பார். பென்சில் பருமனுக்கு மண் கோடு ஏறியிருந்தால் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு வா. ஓரிரு நாளில் ஈர மண் வைத்து அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அதன்மேல் ஸ்ப்ரே அடித்துவிடாதே. கண்ணில் பட்ட பத்து சாகும், கூடு மண்ணுக்கடியில் அப்படியே இருக்கும். சுவரோரம் துளை போட்டு மருந்து இறக்குகிறவர்களைத்தான் கூப்பிட வேண்டும், அதுவும் மழை விட்டு மண் கொஞ்சம் காய்ந்த பிறகு. ஊறிய மண்ணில் மருந்து நிற்காது. அதுவரை பின்சுவரில் நீ அடுக்கி வைத்திருக்கும் அட்டைப்பெட்டிகளையும் அந்தப் பழைய பலகையையும் எடுத்துவிடு. ஈரமான அட்டைப்பெட்டி கறையானுக்குக் கல்யாண சாப்பாடு.

இப்போது ஓதம், அதாவது சுவர் ஈரம். சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. நம் மாம்பலம் தெருவோ தாழ்ந்த தெரு. நிலத்தடி நீர் மேலே வந்ததும் சுவர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் இரண்டடிக்கு வெள்ளையாக உப்புப் பூப்பது அதனால்தான். உன் அறைச் சுவரில் இருக்கும் கறுப்புப் பூசணம் வேறாக இருக்கலாம். ஒன்று செய்: ஒரு பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டு. ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பார். சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரம் என்றால் அறைக் காற்றுதான் காரணம். அறைக்குள்ளேயே துணி காயப்போட்டு, ஜன்னலையும் சாத்திவைத்தால் வேறென்ன ஆகும்?

எதுவானாலும் உடனே பெயின்ட் அடிக்கலாம் என்று கிளம்பாதே. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பா அவசரப்பட்டு, காயாத சுவரில் அடித்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று ஹால் சுவர் பொரித்த அப்பளம் மாதிரி உப்பி நின்றது. (அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "அது பெயின்ட் சரியில்லை" என்கிறார். இருபது வருஷமாக இதே பதில்தான்.)

மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர் இறங்கும் குழாய் வாயைப் பார். வேப்பிலை அடைத்திருக்கும். கையாலேயே அள்ளிப் போட்டுவிடு. அங்கே இரண்டு நாள் தண்ணீர் நின்றால் உன் அறைக் கூரையில் வட்டமாகக் கறை வரும்.

கரப்பானுக்கு வருகிறேன். அது தீனி இல்லாமல் பல நாள் இருக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. நீ ராத்திரி சிங்க்கில் பாத்திரத்தை ஊறவைத்துவிட்டுப் படுக்கிறாய். ஈரத் துடைப்புத் துணியை மேடையிலேயே போடுகிறாய். ஃபிரிட்ஜ் பின்னால் தண்ணீர் சேரும் தட்டை நீ பார்த்ததே இல்லை என்று எனக்குத் தெரியும். படுக்குமுன் சிங்க்கைத் துணியால் ஒற்றி உலர்த்து, தண்ணீர் போகிற ஓட்டையின் ஜாலியை மூடு. அப்புறம் போரிக் பவுடரும் கோதுமை மாவும் சமமாக, ஒரு ஸ்பூன் சர்க்கரை, சொட்டுப் பால் விட்டுப் பிசைந்து, குன்றிமணி அளவுக்கு உருட்டி, அலமாரிக் கீல் இடுக்கிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் வை. பிசைந்த கையை நன்றாகக் கழுவு. நீ ஸ்ப்ரே அடித்த இடத்தில் வைக்காதே, அந்த வாடைக்கு அது கிட்டவே வராது. பலன் தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், பொறு. தை மாதம் அக்கா குழந்தையோடு வருகிறாள். அதற்கு முன் ஒரு உருண்டை விடாமல் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். எங்கெங்கே வைத்தாய் என்று காலண்டர் பின்னால் எழுதி வை.

இன்னொன்று. என் பீரோவில் குழந்தைக்கென்று மடித்து வைத்த பழைய வேட்டித் துணிகள் இருக்கின்றன. ராமபாணப் பூச்சி வருகிறதென்று அதில் அந்துருண்டை போட்டாயாமே? உடனே எடு. அந்த வாடை ஊறிய துணியைச் சுற்றினால் சில பச்சைக் குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரும். எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் போடு. உன் அப்பாவின் புத்தகங்களுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்.

பால்கனி டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு கொசு முட்டையை நீர் மட்டத்துக்கு மேலே டிரம்மின் ஓரத்தில் ஒட்டிவைக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். பூந்தொட்டித் தட்டுக்கும் இதே கதைதான்.

பல்லியை மட்டும் விரட்டாதே, அது சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறது.

மண் கோடு இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, பக்கத்தில் ஒரு பேனா வைத்து எடு. மாடிக் கதவுச் சாவி பூஜை அறையில் சாம்பிராணி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. குழந்தை எழுந்துவிட்டது.

அம்மா