மொட்டை மாடியும் 35 மில்லிமீட்டரும்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது, அதில் ஆறு முறை மொட்டை மாடித் தளத்தை எப்படிப் புதுப்பிப்பது என்றுதான் பேசினோம். லிஃப்ட் பராமரிப்பு, தொட்டி கழுவியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேராக மாடிக்கு ஏறிவிடுகிறேன்.

பழைய ஓட்டின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம், உடைக்கிற தூசியும் சத்தமும் மிச்சம் என்பதுதான் முதலில் பலருடைய எண்ணம். எனக்கும் அது சரியென்றே பட்டது, ஸ்கேலை எடுத்துப் போய் மாடிக் கதவின் நிலைப்படியை அளக்கும் வரை. தளத்துக்கு மேலே படி நின்றது வெறும் 35 மி.மீ. டைல் 10, பசை 5 என்று போனால் மிச்சம் 20. வடிகுழாய் வாயில் நாலு சருகு அடைத்துக்கொண்டால் போதும், மழைத் தண்ணீர் படிக்கட்டில் இறங்கிவிடும். அப்புறம் நாணயத்தால் ஓடுகளைத் தட்டிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரை ஒட்டிய இரண்டு வரிசையும் காலிப் பானை மாதிரி ஒலித்தன. சுவரோரம் இடைவெளியே விடாமல் முட்ட முட்டப் பதித்திருக்கிறார்கள். 10 மீட்டர் கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், நீள இடமில்லாவிட்டால் ஓடு எழும்பத்தானே செய்யும்?

சரி, கான்கிரீட் வரைக்கும் அடியோடு பெயர்த்துவிடலாம், ஓட்டுக்கு அடியிலுள்ள 50 மி.மீ. கலவை போனால் சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம் குறையும் என்றார் ஒருவர். கணக்கு சரிதான். ஆனால் ஒரு மூலையில் பெயர்த்து ரசமட்டம் வைத்தபோது கான்கிரீட் தட்டையாக இருந்தது. தண்ணீர் வடிய வேண்டிய வாட்டம், அதாவது மீட்டருக்கு 10 மி.மீ. சரிவு, முழுவதும் அந்தக் கலவையில்தான் இருந்திருக்கிறது. கலவையை எடுத்துவிட்டு கான்கிரீட் மேல் நேராகப் பூசினால் 2 மி.மீ. நீர்காப்புப் பூச்சு வாட்டம் தராது, கீழே உள்ள பள்ளத்தை அப்படியே காட்டும்.

ஆகவே நடுவழி: ஓட்டை மட்டும் உரித்து, உறுதியான கலவையை விட்டுவைத்து, பொள்ளலான இடங்களை ஒட்டுப்போட்டு, மேலே தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு. எப்பாக்சி என்ற இன்னொரு வகைப் பூச்சும் பேச்சில் வந்தது, வெயிலில் மஞ்சளித்து மாவு பூத்துப்போகும் என்பதால் விட்டுவிட்டோம். வழுக்காமல் இருக்க ஈரப்பூச்சின் மேல் மணல் தூவச் சொன்னோம். துணி உலர்த்தும் பக்கம் பூச்சின் மேல் கோத்துப் பதிக்கும் பிளாஸ்டிக் ஓடு. அடியில் தண்ணீர் ஓடும், வேண்டுமென்றால் கழற்றிக் கழுவலாம். எனக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை, ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டேன்.

தாமதத்துக்குத் திட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடு உரித்த இடத்தில் ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்தோம், மறுநாள் காலையில் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். அந்த ஈரத்தின் மேல் பூசியிருந்தால் வெயிலில் கொப்புளம் கிளம்பியிருக்கும். தாளின் அடியில் ஈரம் தெரியாத வரை காத்திருந்தோம், அவ்வளவுதான்.

பூச்சு நன்றாக இறுகியபின் வடிகுழாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டினோம். குழாய் வாயைச் சுற்றி ஒரே இடத்தில் கசிந்தது, அதைத் திரும்பச் செய்தாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி மட்டும் பாக்கி. வடிகுழாய் வாயைச் சுத்தம் செய்யும் முறைப் பட்டியல் படிக்கட்டருகே ஒட்டியிருக்கிறது, முதல் மாதம் என் வீடு.

இப்படிக்கு,
செயலாளர்