போமார்ஷேயைக் கடிகாரப் பட்டறையிலிருந்து தொடங்குங்கள்: உலக நாடக வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷேயைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவும், ‘கடிகாரம் செய்பவரின் மகன்’ என்ற ஒற்றை வரியோடு அவருடைய இளமையைக் கடந்து, நேராக அவருடைய நாடகங்களின் புகழ்பெற்ற பாத்திரமான ஃபிகாரோவிடம் போய்விடுகின்றன. அந்த வரியை நீங்கள் விரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல். அவரை எழுத்தாளராக்கியது நாடக மேடை அன்று, ஒரு கடிகாரத் தகராறு என்பது என் துணிபு.

1732-இல் பாரிஸில் பிறந்தபோது அவர் பெயர் பியேர் ஒகுஸ்தேன் கரோன். பதின்பருவத்தில் கடைப்பொருள்களைத் தந்தைக்குத் தெரியாமல் விற்றதற்காக வீட்டைவிட்டு விரட்டப்பட்ட அவர், கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் பேரிலேயே திரும்பச் சேர்க்கப்பட்டார். கோடையில் ஆறு மணிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் எழ வேண்டும், இரவு உணவுவரை வேலை செய்ய வேண்டும், இசையை விட்டுவிட வேண்டும், மாதம் 18 லிவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) தரப்படும் என்பவை அதன் நிபந்தனைகளுள் சில. (இசையை அவர் விடவில்லை, பின்னாளில் மன்னர் பதினைந்தாம் லூயியின் மகள்களுக்கு யாழ் போன்ற ஹார்ப் கருவியைக் கற்றுக்கொடுத்தார்.)

அக்காலத்துப் பாக்கெட் கடிகாரங்கள் நேரம் தவறுவது சர்வசாதாரணம். சுருள்வில்லின் விசையைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் எஸ்கேப்மென்ட் பகுதியில்தான் கோளாறு என்று கண்ட கரோன், 1753-இல், தம் இருபத்தொன்றாம் வயதில், அதற்குப் புதிய அமைப்பொன்றை உருவாக்கி, புகழ்பெற்ற அரண்மனைக் கடிகாரக் கலைஞர் லெபோத்திடம் நம்பிக் காட்டினார். சில வாரங்களிலேயே லெபோத் அதைத் தம் கண்டுபிடிப்பாக ‘மெர்க்யூர் த ஃபிரான்ஸ்’ இதழில் அறிவித்துவிட்டார். பெயரும் செல்வாக்கும் இல்லாத இளைஞர் அடங்கிப்போகவில்லை. அதே இதழில் மறுப்பு எழுதினார். தம் சான்றுகளை அறிவியல் கழகத்தின் முன்வைத்துத் தீர்ப்புக் கேட்டார். 1754 பிப்ரவரியில் கழகம் கரோனே உண்மையான கண்டுபிடிப்பாளர் என அறிவித்தது. அரண்மனைக் கதவும் திறந்தது: மன்னரின் காதலி மதாம் த போம்பதூருக்கு அவர் மோதிரத்தில் பதித்துக் கொடுத்த கடிகாரம் ஒரு சென்டிமீட்டர் அகலமே இருந்தது, சாவி இல்லை, முகப்பைச் சுற்றியிருந்த வளையத்தை நகத்தால் நகர்த்தியே சாவி கொடுக்கலாம்.

இருபது ஆண்டு கழித்து அவர் இதே வழியில்தான் நடந்தார். ஒரு வழக்கில் நீதிபதி கோஸ்மானைச் சந்திப்பதற்காக, அவருடைய மனைவிக்கு 100 லூயி பொற்காசுகளும் வைரம் பதித்த ஒரு கடிகாரமும் (கடிகாரம் அவரை எங்கும் விடவில்லை), செயலருக்கென மேலும் 15 லூயியும் கொடுத்தார். வழக்கில் தோற்றபின் மற்றவை திரும்பின. அந்த 15 லூயி திரும்பவில்லை. அவர் ஒன்றும் அப்பழுக்கற்றவர் அல்லர். லஞ்சம் என்றே அதைச் சொல்லலாம். ஆயினும் அந்தப் 15 லூயியைப் பிடித்துக்கொண்டு 1773-74-இல் அவர் அச்சிட்டு வெளியிட்ட நான்கு பிரசுரங்களில், நீதிபதியின் மனைவியோடு நடந்த குறுக்கு விசாரணை நாடகக் காட்சியாகவே விரிகிறது. பாரிஸ் சிரித்தது. நீதிமன்றம் 1774-இல் அவருடைய குடியுரிமைகளைப் பறித்தும் அவர் புகழ் குறையவில்லை. ஃபிகாரோ தோன்றும் ‘செவில் நாவிதன்’ நாடகம் மேடையேறியது அடுத்த ஆண்டான 1775-இல்தான்.

1777-இல், வசூல் கணக்கை ஒழுங்காகக் காட்ட மறுத்த கோமெதி ஃபிரான்சேஸ் நாடகக் குழுவுக்கு எதிராக, ஆசிரியர்களைத் தம் வீட்டு விருந்துக்கு அழைத்து ஒரு சங்கமாகத் திரட்டியவரும் அவரே. நாடகாசிரியரின் அனுமதியின்றி நாடகம் நடத்தலாகாது என 1791-இல் சட்டம் வந்தது. லெபோத்திடம் தம் உழைப்பைப் பறிகொடுக்கவிருந்தவர் இதைக் கையிலெடுத்ததில் வியப்பென்ன?

ஆகவே, உங்கள் நூல்களின் அடுத்த பதிப்பில் போமார்ஷே அத்தியாயத்தை 1775-இலிருந்து அல்லாமல் 1753-இலிருந்து தொடங்குமாறும், ‘மெர்க்யூர்’ இதழுக்கு அவர் எழுதிய மறுப்பையும் கோஸ்மான் பிரசுரங்களின் சில பகுதிகளையும் மூலத்திலிருந்தே தமிழாக்கிப் பின்னிணைப்பாகச் சேர்க்குமாறும் வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு நாடக வாசகர்